135 பவுண்டுக்குள் யார் பெரியவர்?

லைட்வெயிட் குத்துச்சண்டையின் வரலாற்றிலேயே தலைசிறந்தவர் யார் என்று கேட்டால், இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களில் பலர் அதிகம் யோசிக்காமல் ரொபர்ட்டோ டுரான் என்பார்கள். ஏன் என்று அடுத்த கேள்வியைப் போட்டால், 1980ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று மான்ட்ரியாலில் அவர் சுகர் ரே லெனர்டைத் தோற்கடித்த கதையைத் தொடங்கிவிடுவார்கள். விடை சரியாக இருக்கலாம், காரணம் சரியில்லை. மான்ட்ரியாலில் நடந்தது 147 பவுண்டு வரம்புள்ள வெல்டர்வெயிட் போட்டி. டுரானை ஏற்காதவர்களும் இதே தவற்றைத்தான் மறுபக்கமிருந்து செய்கிறார்கள். அதே ஆண்டு நவம்பர் 25 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த மறுபோட்டியின் எட்டாவது சுற்றில் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு சண்டையை விட்டுவிட்டார் என்பதை நினைவூட்டி, அப்படிப்பட்டவரை எப்படித் தலைசிறந்தவர் என்பது என்று கேட்கிறார்கள். அதுவும் வெல்டர்வெயிட்தான். லைட்வெயிட் பட்டத்தை அவர் 1979இன் தொடக்கத்திலேயே துறந்துவிட்டார்.

ஆக, இரண்டு வேறு கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. லைட்வெயிட்டில் ஒரு காலத்தில் ஆடியவர்களில் மிகப் பெரிய குத்துச்சண்டை வீரர் யார் என்பது ஒன்று. 135 பவுண்டுக்குள், அதாவது 61.2 கிலோவுக்குள் இருந்துகொண்டு மிகச் சிறப்பாகச் சண்டையிட்டவர் யார் என்பது இன்னொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது. எடைத் தட்டில் அந்த அளவுக்குள் நின்றபோது ஒருவர் செய்ததை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வந்த புகழையும் பழியையும் தள்ளிவைத்துப் பார்த்தால் வரிசை எப்படி மாறுகிறது என்பதே இங்கு விஷயம்.

இந்தக் கேள்வி மற்ற எடைப் பிரிவுகளைவிட இங்கே கடினமானதற்குக் காரணம் உண்டு. அறுபத்தொரு கிலோ என்பது சாதாரணமாக உழைத்துச் சாப்பிடும் ஓர் ஆணின் எடை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நகரங்களின் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து குத்துச்சண்டைக்கு வந்த யூத, இத்தாலிய, ஐரிஷ் இளைஞர்களும் கறுப்பின இளைஞர்களும் பெரும்பாலும் இந்த எடைக்கு அக்கம்பக்கத்தில்தான் இருந்தார்கள். ஹெவிவெயிட்டில் ஒரு தலைமுறைக்கு நல்ல வீரர்கள் நான்கைந்து பேர் தேறினாலே அதிகம். லைட்வெயிட்டில் சாம்பியனுக்குப் பின்னால் பட்டத்துக்குத் தகுதியான பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். அத்தனை போட்டிக்கு நடுவே ஒருவர் ஆண்டுக்கணக்கில் மேலே இருந்தார் என்றால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இந்த அளவுகோலால் உடனடியாக அடிபட்டுப் போகிறவர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங். இதைச் சொல்வதற்கு எனக்கே மனம் ஒப்பவில்லை. 1938இல் ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் ஆகிய மூன்று உலகப் பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தவர் அவர். பட்டங்கள் எட்டே எட்டாக இருந்த காலத்தில் அது எப்படிப்பட்ட காரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 17 அன்று லூ ஆம்பர்ஸோடு மோதியபோது ஆம்ஸ்ட்ராங்கின் வாய் கிழிந்து ரத்தம் மேடையில் வழிந்தது. இப்படியே போனால் சண்டையை நிறுத்திவிடுவேன் என்று நடுவர் எச்சரிக்கவே, அவர் பல்காப்பைத் துப்பிவிட்டு, ரத்தத்தை விழுங்கிக்கொண்டே மீதிச் சுற்றுகளை ஆடி வென்றார். ஆனால் லைட்வெயிட் பட்டம் அவரிடம் இருந்தது ஓராண்டுதான். 1939 ஆகஸ்டில் அதே ஆம்பர்ஸ், இடுப்புக்குக் கீழே அடித்ததற்காக ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து கழிக்கப்பட்ட சுற்றுகளின் உதவியோடு அதைத் திரும்பப் பெற்றார். ஆம்ஸ்ட்ராங்கின் நீண்ட ஆட்சி வெல்டர்வெயிட்டில் நடந்தது. எல்லாக் காலத்துக்குமான முதல் ஐந்து வீரர்களில் அவரை வைக்கலாம். லைட்வெயிட்டின் முதல் இடத்தில் வைக்க முடியாது.

அப்படிச் சலித்தால் மிஞ்சுகிறவர்கள் நால்வர்: ஜோ கேன்ஸ், பென்னி லெனர்ட், டுரான், பெர்னல் விட்டேகர். இவர்களில் கேன்ஸின் வழக்குதான் மிகவும் சிக்கலானது, மிகவும் சுவையானதும்கூட.

கேன்ஸ் 1874இல் பால்டிமோரில் பிறந்தவர். 1902 மே 12 அன்று கனடாவின் ஃபோர்ட் ஈரியில் ஃபிராங்க் எர்னை முதல் சுற்றிலேயே வீழ்த்தி, அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவரில் முதல் உலகச் சாம்பியன் ஆனார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் அதே எர்னிடம் கண்ணில் காயம் பட்டுத் தோற்றிருந்தார். வீணாக ஒரு காலடிகூட எடுத்துவைக்காத ஆட்டக்காரர் என்று அவரைப் பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். போக்குக் காட்டி எதிராளியை அடிக்க வைப்பது, வந்த அடியைக் கையுறையிலோ முன்னங்கையிலோ வாங்கிக்கொள்வது, அவன் கை திரும்புவதற்குள் குறுகிய தூரத்தில் நேராகத் திருப்பி அடிப்பது என்பதே அவருடைய பாணி. ‘ஓல்ட் மாஸ்டர்’ என்ற பட்டப்பெயர் அதற்காக வந்தது.

அவருடைய கணக்குப் புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் 1900 டிசம்பரில் சிகாகோவில் நடந்தது. டெர்ரி மெக்கவர்னிடம் இரண்டே சுற்றில் அவர் விழுந்தார். அவர் விழுந்த விதத்தைப் பார்த்த யாரும் அதை உண்மையான சண்டை என்று நம்பவில்லை. அந்த அவமானத்தால் சிகாகோ நகரம் குத்துச்சண்டையையே தடை செய்தது. அந்நாளில் ஒரு கறுப்பின வீரருக்கு வெள்ளையரோடு மோத வாய்ப்பு வேண்டுமென்றால், சில இரவுகளில் மெதுவாக அடிக்க வேண்டியிருந்தது, சில இரவுகளில் விழவே வேண்டியிருந்தது. எது உண்மையான தோல்வி, எது விலை பேசப்பட்ட தோல்வி என்று இன்று பிரித்தெடுப்பது கடினம். ஆகவே கேன்ஸின் தோல்விகளை எண்ணி அவரை மதிப்பிடுவதில் பொருளில்லை. அவர் ஜெயிக்க அனுமதிக்கப்பட்ட இரவுகளில் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு நாள் 1906 செப்டம்பர் 3. இடம் நெவாடா பாலைவனத்தில் தங்கச் சுரங்கத்தால் திடீரென்று முளைத்த கோல்ட்ஃபீல்ட் என்ற ஊர். எதிராளி பேட்லிங் நெல்சன், எத்தனை அடி வாங்கினாலும் முன்னால் வந்துகொண்டே இருக்கும் டேனிஷ்காரர். ஊருக்கு விளம்பரம் தேடிப் போட்டியை ஏற்பாடு செய்த டெக்ஸ் ரிக்கார்ட் பரிசுத் தொகையான சுமார் 30,000 டாலரைத் தங்கக் காசுகளாக ஒரு வங்கியின் ஜன்னலில் அடுக்கி வைத்தார். சாம்பியன் கேன்ஸாக இருந்தும், அதில் பெரும்பங்கு நெல்சனுக்கே எழுதப்பட்டது. போதாக்குறைக்கு நெல்சனின் மேலாளர் எடை வரம்பை 133 பவுண்டாக வைத்து, போட்டி நாளன்றே கேன்ஸை மூன்று முறை எடைத் தட்டில் ஏற்றினார். தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் காய்ந்துபோன உடம்போடு, பாலைவனத்தின் பிற்பகல் வெயிலில், முடிவு தெரியும்வரை தொடரும் சண்டைக்குள் 31 வயதான கேன்ஸ் இறங்கினார்.

அந்தச் சண்டை 42ஆவது சுற்றுவரை போனது. ஓய்வு நிமிடங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். இடையில் கேன்ஸின் வலது கை முறிந்தது. அதை வெளிக்காட்டிக்கொள்ளாமல் இடது கையை வைத்தே நெல்சனைத் தள்ளி நிறுத்தினார் என்கிறார்கள். கடைசியில் நெல்சன் வெளிப்படையாக இடுப்புக்குக் கீழே அடிக்க, நடுவர் ஜார்ஜ் சைலர் அவரைத் தகுதி நீக்கம் செய்தார். இன்றைய உலகப் பட்டப் போட்டி 12 சுற்று, அதாவது 36 நிமிடச் சண்டை. கேன்ஸ் அதைப் போல மூன்றரை மடங்கு நேரத்தை, பசியோடு வைக்கப்பட்ட உடம்பில் தாங்கினார். 1908இல் அதே நெல்சன் அவரை இரண்டு முறை நாக் அவுட் செய்தார். 1910 ஆகஸ்ட் 10 அன்று கேன்ஸ் காசநோயால் இறந்தார். அந்த 1908 தோல்விகளை நலமான மனிதனின் தோல்விகளாகக் கணக்கிடலாமா என்பது இன்னும் தீராத வாதம். கணக்கிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

பென்னி லெனர்டின் சிக்கல் வேறு வகை. இவருக்கும் மான்ட்ரியாலில் தோற்ற லெனர்டுக்கும் பெயரைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை. இவருடைய இயற்பெயர் பெஞ்சமின் லைனர். 1896இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1917 மே 28 அன்று ஃப்ரெடி வெல்ஷை ஒன்பதாவது சுற்றில் வீழ்த்திப் பட்டம் வென்றார். 1925 ஜனவரியில், தாயின் வேண்டுகோளுக்கிணங்க, லைட்வெயிட் பட்டத்தை யாரிடமும் இழக்காத சாம்பியனாகவே ஓய்வு பெற்றார். இடைப்பட்ட ஏழரை ஆண்டுக்கும் மேலான காலம் பட்டம் அவரை விட்டு நகரவில்லை.

இந்த ஆட்சியை எடைபோட, அன்றைய சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1911 முதல் 1917 வரை நியூயார்க்கில் நடப்பிலிருந்த சட்டப்படி, இரண்டு பேரும் கடைசிச் சுற்றுவரை நின்றுவிட்டால் யார் வென்றார் என்று அறிவிக்கக் கூடாது. வேறு பல மாநிலங்களிலும் இதே நிலைதான். ஆகவே மறுநாள் காலையில் பத்திரிகைகள் தங்கள் நிருபரின் கருத்தை அச்சிடும், அதுதான் தீர்ப்பு. ஒரே சண்டைக்கு மூன்று பத்திரிகைகள் மூன்று விதமாக எழுதிய நாட்களும் உண்டு. இதனால் சாம்பியனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது: நாக் அவுட் ஆனால் ஒழிய, எவ்வளவு மோசமாக ஆடினாலும் பட்டம் போகாது. வெல்ஷ் இந்தச் சௌகரியத்தில்தான் காலம் தள்ளினார். அவரிடமிருந்து பட்டத்தைப் பறிக்க லெனர்டுக்கு அவரைப் படுக்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்தது; படுக்க வைத்தார். ஆனால் பட்டம் கைக்கு வந்த பிறகு அதே சௌகரியம் லெனர்டுக்கும் கிடைத்தது என்பதை அவருடைய ரசிகர்கள் சொல்வதில்லை. 200க்கும் மேற்பட்ட அவருடைய சண்டைகளில் ஏறத்தாழ பாதி இப்படித் தீர்ப்பில்லாமல் முடிந்தவைதான்.

இருந்தாலும் அவருடைய மூளையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எண்ணெய் தடவி வழித்து வாரிய தலைமுடி கலையாமல் மேடையிலிருந்து இறங்குவதைப் பெருமையாக நினைத்தவர். 1921 ஜனவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரிச்சி மிட்செலை முதல் சுற்றிலேயே மூன்று முறை சாய்த்துவிட்டு, அதே சுற்றின் முடிவில் தானே ஓர் அடி வாங்கிக் கீழே விழுந்தார். கால்கள் சொன்னபடி கேட்காத நிலையில், வா வந்து அடி என்று எதிராளியைக் கைகாட்டி அழைத்தாராம். இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று மிட்செல் தயங்க, மணி அடித்துவிட்டது. ஆறாவது சுற்றில் சண்டையை முடித்தவர் லெனர்ட். அடுத்த ஆண்டு ஜூலை 27 அன்று ஜெர்சி சிட்டியில் இடக்கை வீரர் லூ டெண்ட்லர் எட்டாவது சுற்றில் அவரைக் கலங்கடித்தபோது, லெனர்ட் அவரிடம் ஏதோ பேச்சுக் கொடுத்தார். என்ன சொன்னார் என்பதற்குப் பல கதைகள் உண்டு. டெண்ட்லர் பதில் சொல்ல நின்றுவிட்டார் என்பதில் மட்டும் எல்லாக் கதைகளும் ஒத்துப்போகின்றன. அந்தச் சண்டைக்கும் தீர்ப்பு இல்லை. மறு ஆண்டு, புதிதாகத் திறந்திருந்த யாங்கி ஸ்டேடியத்தில், தீர்ப்புக்கு இடம் வைத்து 15 சுற்றுகள் ஆடி டெண்ட்லரைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வென்றார். எனக்கு லெனர்டின் மிகச் சிறந்த சான்றிதழாகத் தெரிவது இந்த இரண்டாவது சண்டைதான். சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத இடத்தில், தன்னை மிகவும் தொல்லைப்படுத்திய ஒருவனைத் தேடிப்போய்க் கணக்குத் தீர்த்தது அது.

1929இன் பங்குச் சந்தை வீழ்ச்சியில் பணத்தை இழந்து, 1931இல் முடி கொட்டிய தலையோடு அவர் திரும்பி வந்ததும், மறு ஆண்டு ஜிம்மி மெக்லார்னினிடம் தோற்றதும் வெல்டர்வெயிட் கதை, நமக்கு வேண்டாம். அந்த மறுவரவின்போது அவருடைய மூலையில் நின்று பயிற்சி தந்த ரே ஆர்சல் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லெனர்டுக்கும் டுரானுக்கும் இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் நல்ல சாம்பியன்களுக்குக் குறைவில்லை. டோனி கான்சோனெரி, பார்னி ராஸ், பியூர்ட்டோ ரிக்கோவின் கார்லோஸ் ஆர்டிஸ் என்று பட்டியல் நீளும். இவர்களில் அந்த நால்வருக்கு அருகில் வருகிறவர் ஐக் வில்லியம்ஸ் ஒருவர்தான். 1945 முதல் 1951 வரை பட்டம் அவரிடம் இருந்தது. 1948இல் பிலடெல்ஃபியாவில் போ ஜாக்கைக் கயிற்றோரம் சாய்த்து அடித்துக்கொண்டிருந்தபோது, எதிராளி நினைவிழந்துவிட்டதைக் கண்டு, தானே நிறுத்திவிட்டு நடுவரைத் திரும்பிப் பார்த்தவர். அவருடைய மேலாளர் பிளிங்கி பலெர்மோ ஒரு குற்றக் கும்பல்காரர். சில சண்டைகளின் சம்பளம் தன் கைக்கு வரவே இல்லை என்று வில்லியம்ஸ் பின்னாளில் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். கேன்ஸைச் சூழ்ந்திருந்த அதே புகைமூட்டம், அரை நூற்றாண்டு கழித்து வேறு முகத்தோடு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி டுரான். பனாமா நகரின் எல் சோரில்யோ சேரியில் 1951 ஜூன் 16 அன்று பிறந்தவர். 21 வயது முடிந்து பத்தே நாளில், 1972 ஜூன் 26 அன்று, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஸ்காட்லாந்தின் கென் புக்கேனனை 13 சுற்றுகள் விரட்டி விரட்டி அடித்துப் பட்டம் பெற்றார். 12 முறை அதைக் காத்துக்கொண்டார். அவற்றில் 11 சண்டைகள் நாக் அவுட்டில் முடிந்தன. 15 சுற்றும் தாக்குப்பிடித்தவர் 1977இல் எட்வின் விருயெட் ஒருவரே. லைட்வெயிட்டை விட்டுப் போனபோது அவர் கணக்கில் இருந்தவை 62 வெற்றிகள், ஒரு தோல்வி.

அந்த ஒரு தோல்விதான் என் தீர்ப்பின் அச்சாணி. பட்டம் வென்ற ஐந்தாவது மாதம், 1972 நவம்பர் 17 அன்று, பட்டம் பணயம் வைக்கப்படாத பத்துச் சுற்றுப் போட்டியில் பியூர்ட்டோ ரிக்கோவின் எஸ்டெபான் டி ஹெசூஸ் முதல் சுற்றிலேயே இடது ஹூக்கால், அதாவது பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் இடது கை அடியால், டுரானைக் கீழே தள்ளி, முடிவில் புள்ளிகளில் வென்றார். 1974 மார்ச்சில் பனாமாவில் பட்டத்துக்காக மீண்டும் மோதினார்கள். முதல் சுற்று; அதே இடது ஹூக்; டுரான் மீண்டும் கீழே. இந்த முறை எழுந்து, உடம்பிலேயே குறிவைத்து அடித்து, சுற்றுக்குச் சுற்று எதிராளியின் மூச்சைக் கரைத்து, 11ஆவது சுற்றில் முடித்தார். மூன்றாவது சண்டை 1978 ஜனவரி 21 அன்று லாஸ் வேகஸில் நடந்தது; அதற்குள் டி ஹெசூஸ், உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசியின் சாம்பியன் ஆகியிருந்ததால், பிரிந்து கிடந்த இரண்டு பட்டங்களும் பணயத்தில் இருந்தன. அந்தச் சண்டையின் ஒளிப்பதிவைப் பார்ப்பவர்களுக்கு டுரானைப் பற்றிய பிம்பம் மாறிவிடும். பாய்ந்து பாய்ந்து அடிக்கும் சேரிப் பையன் அதில் இல்லை. தோளை லேசாக உருட்டி அந்த ஹூக்கை மேலே போகவிடுகிறார். தலையை எதிராளியின் மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அடியை அரையங்குலத்தில் தப்புகிறார். வலது கையைக் காட்டிவிட்டு இடது கையால் அடிக்கிறார். 12ஆவது சுற்றில் ஒரு நேர் வலது, எல்லாம் முடிந்தது. தன்னைத் தோற்கடித்த ஒரே அடியை ஐந்து ஆண்டுகளில் படித்து, அதற்கான விடையைத் தன் உடம்பில் எழுதிவைத்துக்கொண்ட ஆட்டம் அது.

அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர்தான் ரே ஆர்சல். பென்னி லெனர்டின் மூலையில் நின்றவர், இடையில் நீண்ட காலம் குத்துச்சண்டையை விட்டு விலகியிருந்து, எழுபது வயதைத் தாண்டிய பிறகு இந்தப் பனாமாக்காரனுக்காகத் திரும்பி வந்தார். கூடவே ஃப்ரெடி பிரவுன் என்ற இன்னொரு பழைய நியூயார்க் பயிற்சியாளர். டுரானின் கைக்கு இயற்கையாகவே பலம் இருந்தது; ‘கற்கைகள்’ என்ற பொருள்படும் ஸ்பானியப் பட்டப்பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. அந்தக் கையோடு, தீர்ப்பில்லாத காலத்து நியூயார்க்கில் வளர்ந்த நுட்பமும் சேர்ந்துகொண்டது. லெனர்டைப் பற்றி ஏட்டில் மட்டும் படிக்கிற பல விஷயங்களை, நெருக்கத்தில் நின்று போக்குக் காட்டுவதை, எதிராளியின் கையைத் தன் முழங்கையால் கட்டிவைப்பதை எல்லாம், நாம் டுரானின் உடம்பில் வண்ணத்தில் பார்க்க முடிகிறது.

விட்டேகரின் வழி இதற்கு நேர் எதிரானது. வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரத்துக்காரர், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இதே லைட்வெயிட் பிரிவில் தங்கம் வென்றவர், இடக்கை வீரர். அவரைக் குறிபார்த்து அடிப்பது தெருக்கோடியில் ஓடும் கோழியைப் பிடிப்பதுபோல. எதிராளியின் இடுப்பு உயரத்துக்குக் குனிந்து, அவன் அடித்து முடிப்பதற்குள் அவனுக்குப் பின்னால் போய் நிற்பார். ரோஜர் மேவெதரோடு ஆடியபோது அப்படிப் பின்னால் போன வேகத்தில் அவருடைய கால்சட்டையைக் கீழே இழுத்துவிட்டதும் உண்டு. 1988 மார்ச்சில் பாரிஸை ஒட்டிய லெவல்வாவில் ஹோசே லூயிஸ் ராமிரெஸிடம் அவர் தோற்றதாக அறிவிக்கப்பட்ட தீர்ப்பு, இந்த எடைப் பிரிவின் வெட்கக்கேடுகளில் ஒன்று. அடுத்த ஆண்டு கிரெக் ஹாகனையும், பிறகு சொந்த ஊரில் வைத்து அதே ராமிரெஸையும் வென்றார். 1990 ஆகஸ்டில் ஹுவான் நசாரியோவை முதல் சுற்றிலேயே வீழ்த்தி மூன்று பட்டங்களையும் ஒன்றுசேர்த்தார். டுரானுக்குப் பிறகு பிரிவு முழுவதற்கும் ஒரே சாம்பியன் என்ற நிலையை மீட்டவர் அவர்தான். லெவல்வா தோல்வியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், 135 பவுண்டில் விட்டேகரை உண்மையாக யாரும் தோற்கடிக்கவே இல்லை.

பிறகு ஏன் அவருக்கு முதல் இடம் இல்லை? இதற்கு என்னிடம் இருப்பது பாதி விடைதான். அவருடைய ஆட்சி மூன்றாண்டு, டுரானுடையது ஆறரை ஆண்டு. அது ஒன்று. இன்னொன்று, இருவருக்கும் இடையில் விதிகள் மாறிவிட்டன. 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகஸில் நடந்த ஒரு லைட்வெயிட் பட்டப் போட்டியில்தான் ரே மன்சினியிடம் 14ஆவது சுற்றில் வீழ்ந்த தென்கொரியாவின் கிம் டுக் கூ நினைவு திரும்பாமலே சில நாட்களில் இறந்தார். அதையடுத்து டபிள்யூபிசி அமைப்பு பட்டப் போட்டிகளை 15இலிருந்து 12 சுற்றுகளாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்னர் அதே வழிக்கு வந்தன. குறைத்தது சரிதான், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. டுரான் தன் பட்டத்தைக் காத்த சண்டைகளில் 1975இல் ரே லாம்ப்கினை 14ஆவது சுற்றிலும், 1976இல் லூ பிஸாரோவை 14ஆவது சுற்றிலும், 1977இல் விலோமார் ஃபெர்னாண்டஸை 13ஆவது சுற்றிலும் வீழ்த்தினார். இன்றைய விதிப்படி இந்த மூன்றுமே புள்ளித் தீர்ப்பில் முடிந்திருக்கும். கடைசி மூன்று சுற்றுகள் என்ற அந்த இருட்டுப் பிரதேசத்தில் விட்டேகர் எப்படி இருந்திருப்பார் என்பதை அறிய வழியில்லாமல் போனது அவருடைய குற்றமல்ல.

எடை பார்க்கும் முறையும் மாறிவிட்டது. கேன்ஸ் மேடையேறுவதற்குச் சற்று முன்புவரை தட்டில் நின்றார். டுரான் காலத்தில் போட்டி நாளன்று காலையில் எடை பார்த்தார்கள். இப்போது முந்தைய நாளே பார்த்துவிடுவதால், 135 பவுண்டில் தட்டை விட்டு இறங்குகிறவர் மறுநாள் இரவு மேடைக்கு வரும்போது பத்துப் பவுண்டு, சில சமயம் அதற்கு மேலும், கூடியிருப்பார். அந்தக் கணக்கில் இன்றைய லைட்வெயிட்டுகள் சிலர் பழைய வெல்டர்வெயிட்டுகள். இன்றைய வீரர்கள் உருவத்தில் பெரியவர்கள், ஆகவே பழையவர்களை எளிதில் அடித்துவிடுவார்கள் என்று வாதிடுகிறவர்கள், அவர்களைக் காலையில் எடைத் தட்டில் ஏற்றி மாலையில் மேடைக்கு அனுப்பினால் எத்தனை பேர் இந்தப் பிரிவிலேயே நீடிப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

விட்டேகருக்குப் பின் வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை, அவர்கள் மோசமானவர்கள் என்பதால் அல்ல, தங்காமல் போய்விட்டார்கள் என்பதால். ஷேன் மோஸ்லி 1997க்கும் 1999க்கும் இடையில் பட்டத்தைக் காத்த எல்லாச் சண்டைகளையும் கடைசி மணி அடிக்குமுன்பே முடித்தார், மேலே போய்விட்டார். ஃபிளாய்ட் மேவெதர் 2002 ஏப்ரலில் ஹோசே லூயிஸ் காஸ்டியோவிடம் இன்றளவும் சர்ச்சைக்குரிய ஒரு தீர்ப்பில் வென்று, டிசம்பரில் மறுபோட்டியிலும் வென்று, விரைவிலேயே மேலே போய்விட்டார். வாசில் லோமசென்கோ உள்ளபடியே கீழேயிருந்து வந்தவர். 2020 அக்டோபரில் தன்னைவிடப் பருத்த தியோஃபிமோ லோபஸிடம் இழந்தார். லோபஸும் அந்தப் பட்டத்தில் நீண்ட காலம் இருக்கவில்லை. நான்கு அமைப்புகள் நான்கு பட்டங்கள் கொடுக்கும்போது, பணம் மேலே இருக்கும்போது, எட்டு ஆண்டுகள் ஒரே எடையில் குந்தியிருக்க யாருக்கும் அவசியமில்லை.

ஆகவே என் வரிசை இது. முதலில் டுரான், அவரை ஒட்டி, விரல் நுழையாத இடைவெளியில் கேன்ஸ், பிறகு லெனர்ட், பிறகு விட்டேகர். கேன்ஸ் முழு உரிமையோடு, யாருக்கும் விழ வேண்டிய கட்டாயமில்லாமல் ஆடியிருந்தால் வரிசை மாறியிருக்கலாம் என்று எவராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். லெனர்டை முதலில் வைப்பவர்களோடு எனக்குள்ள வேறுபாடு, தீர்ப்பில்லாத அத்தனை இரவுகளையும் அவருக்குச் சாதகமாகவே எழுதிக்கொள்கிறார்கள் என்பதுதான்.

டுரானுக்கு எதிரான வலுவான வாதம் நியூ ஆர்லியன்ஸில் இல்லை. அது அவர் பட்டம் வென்ற அதே இரவில் இருக்கிறது. 13ஆவது சுற்றின் மணி அடித்த கணத்தில் இருவரும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள். டுரானின் அடி ஒன்று இடுப்புக்குக் கீழே பட்டு, புக்கேனன் வயிற்றடியைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். நடுவர் ஜானி லோபியான்கோ அதை முறையான அடி என்று சொல்லிச் சண்டையை நிறுத்திவிட்டார். அதுவரையிலான புள்ளிகளில் டுரான்தான் மிகவும் முன்னால் இருந்தார் என்பது உண்மை. மீதமிருந்த இரண்டு சுற்றில் புக்கேனன் அதைத் திருப்பியிருக்க வாய்ப்புக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் தன்னைத் தோற்கடித்த டி ஹெசூஸை இரண்டு முறை தேடிப்போய்ச் சந்தித்த டுரான், தான் அப்படித் தோற்கடித்த புக்கேனனை அதற்குப் பிறகு ஒருமுறைகூட மேடையில் சந்திக்கவில்லை. புக்கேனன் மறுபோட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். அது நடக்கவே இல்லை.